பாலக்கோட்டுச் செம்மண்ணில் லெட்யூஸ்: இரண்டு ஏக்கருக்கு முன் பத்து சென்ட்

பாலக்கோட்டுக்கு அருகில் இரண்டு ஏக்கர் செம்மண் நிலம், ஒரு போர்வெல், ஏற்கெனவே போட்ட சொட்டுநீர்க் குழாய், பல ஆண்டுகளாகத் தக்காளி. விலை சரிந்தபோது பழத்தைப் பறிக்காமல் செடியிலேயே விட்ட வருத்தம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. பர்கரிலும் சாலடிலும் பச்சையாக உண்ணும் கீரையான லெட்யூஸ், பெங்களூரு சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் விலையைப் பார்த்துவிட்டு, "நம் ஊர் வெயிலில் இது திறந்தவெளியில் வருமா, வருமென்றால் இரண்டு ஏக்கரையும் மாற்றிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் வெளிப்படையாக இருக்கின்றன. மூன்றாவது ஒன்று உள்ளே மறைந்திருக்கிறது. வெட்டிய கீரையை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குள் வாங்கிக்கொள்வார் என்பது அது. என் அனுபவத்தில் இந்தப் பயிரின் லாபமும் நட்டமும் பெரும்பாலும் அந்த மூன்றாவது கேள்வியில்தான் முடிவாகின்றன. ஆனாலும் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் தோட்டக்கலை படித்தவன். பத்தொன்பது ஆண்டுகளாக மேட்டுநிலமான தேன்கனிக்கோட்டை, தளி பகுதியில் முட்டைக்கோசு, குடைமிளகாய், லெட்யூஸ் ஆகியவற்றைச் சொந்தமாகவும் பிறர் நிலத்தில் ஆலோசகனாகவும் பயிரிட்டு வருகிறேன். தருமபுரிச் சமவெளியில் இந்தப் பயிரோடு எனக்கு இருக்கும் பழக்கம் இரண்டு குளிர்காலங்கள் மட்டுமே, அதுவும் பிறர் வயலில். ஆகவே மேட்டுநிலத்தைப் பற்றி நான் சொல்வதை உறுதியாகவும், உங்கள் ஊரைப் பற்றிச் சொல்வதைச் சற்றுத் தளர்வாகவும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சுருக்கமான பதில் இது. பாலக்கோட்டில் இலை வகை லெட்யூஸ் மார்கழியிலிருந்து மாசி நடுப்பகுதி வரையில் அறுவடைக்கு வரும்படி திறந்தவெளியில் விளையும். பர்கர் கடைகள் பெருமளவு வாங்கும் உருண்டையான ஐஸ்பெர்க் வகையை அங்கே நம்பி நட வேண்டாம். இரண்டு ஏக்கரை ஒரே நேரத்தில் நடுவதை எந்த ஊரிலும், எந்த வகையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் வெயிலைப் பற்றி. லெட்யூஸ் குளிர்ப் பிரதேசப் பயிர். பகலில் 20 முதல் 24 டிகிரி வரையிலும் இரவில் அதைவிட நன்கு குறைந்தும் இருக்கும் இடத்தில்தான் அது தன் இயல்பில் வளர்கிறது. அமெரிக்காவில் கோடைக்கால லெட்யூஸ் பெருமளவு விளையும் கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கு பசிபிக் கடலின் மூடுபனியால் கோடையிலும் குளிர்ந்திருக்கிறது. குளிர்காலம் வந்ததும் சாகுபடி அரிசோனாவின் யூமா பாலைவனத்துக்கு இடம் மாறுகிறது. அதாவது, அவ்வளவு வசதி படைத்தவர்களும் பயிருக்கு ஏற்ற குளிரைத் தேடி ஊர் மாறுகிறார்களே தவிர, ஊருக்கு ஏற்பப் பயிரை வளைக்க முயல்வதில்லை. நம் பக்கத்தில் தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்கோடு, தருமபுரி பகுதி 500 மீட்டரை ஒட்டியது. நூறு மீட்டருக்கு ஏறத்தாழ 0.65 டிகிரி என்ற பொதுக் கணக்கின்படி இரண்டுக்கும் இடையே இரண்டரை டிகிரி வேறுபாடு வருகிறது. தக்காளிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. லெட்யூஸுக்கோ, இறுக்கமான தலை பிடிப்பதற்கும் தளர்ந்த இலைக்கொத்தாகவே நின்றுவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டரை டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது.

வெப்பம் கூடினால் செடி பூத்தண்டு விடத் தொடங்கும். நடுத்தண்டு நீண்டு, இலைகள் கூம்பாக மேலேறி, பால் மிகுந்து, கசப்பு ஏறிவிடும். உடைத்தால் வடியும் வெள்ளைப் பாலில் உள்ள லாக்டூசின் போன்ற பொருள்களே கசப்புக்குக் காரணம். வெளிநாட்டுக் கையேடுகளில் நீண்ட பகல்பொழுது பூத்தண்டைத் தூண்டும் என்று படிப்பீர்கள். நம் அட்சரேகையில் ஆண்டின் மிகக் குறைந்த பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான வேறுபாடுதான். ஆகவே இங்கே கவனிக்க வேண்டியது வெப்பத்தை, அதிலும் முக்கியமாக இரவு வெப்பத்தை. பகல் 29 டிகிரி ஏறினாலும் விடியற்காலை 16, 17 டிகிரிக்கு இறங்கினால் இலை வகைகள் சமாளித்துக்கொள்கின்றன; இரவும் 22 டிகிரிக்கு மேல் நின்றால் தேறுவதில்லை. இந்த எண்கள் என் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை. ஆராய்ச்சி முடிவாகக் கருத வேண்டாம்.

வகைகளில் ஐஸ்பெர்க் தலை பிடிக்க நடவிலிருந்து 60 முதல் 75 நாள் எடுக்கும். குளிர் அதற்கு இறுதி வாரம் வரை தேவை. ரோமெய்ன் என்னும் நெட்டை வகை அதைவிடச் சற்றுத் தாங்கும். தலை பிடிக்காத பச்சை, சிவப்பு இலை வகைகளும் லோலோ ரோசோ, படேவியா போன்றவையும் 40 முதல் 45 நாளில் வெட்டுக்கு வந்துவிடுகின்றன. வெயிலைத் தாங்குவதைவிட, வெயில் வருவதற்கு முன் முடிந்துவிடுவதே அவற்றின் பலம். உங்கள் நிலத்துக்கு நான் சொல்வது பச்சை இலை வகை ஒன்று, படேவியா ஒன்று, சிறிதளவு ரோமெய்ன். சிவப்பு வகைக்கு நல்ல நிறம் ஏறக் குளிர் வேண்டும். சமவெளியில் அது மங்கிய செம்பழுப்பாக நின்றதைப் பார்த்திருக்கிறேன்; நிறத்துக்காகவே வாங்குபவர் அதை எடுப்பதில்லை.

விதையிலேயே முதல் தடை இருக்கிறது. லெட்யூஸ் விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் 800 முதல் 1,000 விதைகள் இருக்கும். 28, 30 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள ஈரத்தில் அது உறங்கிவிடும். பிறகு குளிர்ச்சியில் வைத்தாலும் எளிதில் விழிப்பதில்லை. தக்காளி விதையோடு பழகியவருக்கு இது புதிதாக இருக்கும். என் முதல் பருவத்தில் தகரக் கூரை போட்ட அறையில், நாற்று வளர்க்கும் குழித்தட்டுகள் நூற்றை அடுக்கி வைத்தேன். நூற்றுக்கு இருபது விதைகூட முளைக்கவில்லை. விதை விற்றவரைத் திட்டிவிட்டு, மீந்த விதையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை முளைவிட்டிருந்தன. குற்றம் கூரையுடையது, விதையுடையது அல்ல. இந்தப் பயிரின் விதை உறக்கம் நனைந்த முதல் சில மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுவதால், மாலை நான்கு மணிக்குமேல் விதைத்து நீர் தெளித்தால் இரவுக் குளிர்ச்சி அந்த நேரத்துக்குத் துணை நிற்கும். தட்டைத் தென்னை நார்க் கழிவால் நிரப்பி, விதையை இரண்டு மில்லிமீட்டருக்குமேல் புதைக்காமல் விடுங்கள். பல இரகங்களுக்கு முளைக்க வெளிச்சம் தேவை. களிமண் பூச்சிட்ட உருண்டை விதை விதைக்க எளிது என்றாலும், திறந்த பொட்டலத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருந்தால் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும்.

அடுத்தது நீர். உங்கள் ஊரைப் பொறுத்தவரை வெயிலைவிட இதைத்தான் நான் முதலில் சோதிப்பேன். லெட்யூஸ் உப்பைத் தாங்காத பயிர்களில் ஒன்று. உப்பின் அளவைக் காட்டும் பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.9 டெசிசைமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது நெடுங்காலமாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. தக்காளிக்கு அந்த எல்லை 1.7. ஆக, அதே போர்வெல்லில் உங்கள் தக்காளி குறையின்றிக் காய்ப்பதை வைத்து லெட்யூஸும் வரும் என்று முடிவுகட்ட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் பல ஊர்களில் உப்பும் ஃபுளோரைடும் மிகுந்தது என்பது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த காரணத்தை அறிந்த எவருக்கும் தெரியும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உப்பு ஏறும். மழைக்குப் பின் குறையும். ஆகவே பரிசோதனையை ஐப்பசியில் ஒன்று, தை மாதத்தில் ஒன்று என இருமுறை செய்யுங்கள். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ மண், நீர் மாதிரிகளை எங்கே எப்படிக் கொடுப்பது என்று வழிகாட்டுவார்கள். நீர் 1.5 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் இந்தப் பதிலின் மீதிப் பகுதியை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. தக்காளியிலோ வேறு காயிலோ நிற்பதே நல்லது.

அளவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வேர் பெரும்பாலும் மேல்மண்ணின் 30 சென்டிமீட்டருக்குள்ளேயே இருப்பதால், இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பிறகு நிறையப் பாய்ச்சுவது இதற்கு ஒத்துவராது. குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்கு 12,000 முதல் 16,000 லிட்டர், ஒவ்வொரு நாளும் காலையில் தேவைப்படும். சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் கிடைப்பதால், பழைய குழாயில் துளைகள் அடைத்திருந்தால் அதை வைத்தே இழுத்தடிக்காமல் புதிதாகப் போட முடியுமா என்று தோட்டக்கலைத் துறையில் கேட்டுப் பாருங்கள்.

நடவு பெரிய வித்தை அல்ல. 90 சென்டிமீட்டர் அகல மேட்டுப்பாத்தி, பாத்திக்கு மூன்று வரிசை, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் என்று வைத்தால், நடைபாதை போக ஏக்கருக்கு ஏறத்தாழ 30,000 செடிகள் பிடிக்கும். 25 நாள் வயதில், நான்கைந்து இலையில், மாலையில் நடுங்கள். குருத்துப் பகுதி மண்ணுக்குள் போய்விடாமல், குழித்தட்டின் நார்க்கட்டி மண் மட்டத்தோடு நிற்க வேண்டும். ஆழ நட்ட செடி அடி அழுகும். பாத்தியை மூடும் மல்ச்சிங் ஷீட்டில் வெள்ளிப்பக்கம் மேலே இருக்கட்டும். இலை மண்ணைத் தொடாமல் இருப்பதும், மழைத்துளி தெறித்து மண் இலையில் ஒட்டாமல் இருப்பதும், களை எடுக்கும் கூலியைவிடப் பெரிய ஆதாயம்.

உரத்தைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நடவுக்குப் பின் முதல் மூன்று வாரங்களில் இந்தச் செடி மிகக் குறைவாகவே உண்ணும். மொத்தத் தேவையில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று வாரங்களில்தான் எடுத்துக்கொள்கிறது. அடியுரமாகவே எல்லாவற்றையும் கொட்டினால் அது தண்ணீரோடு கீழே போய்விடும். ஏக்கருக்கு 40 கிலோ அளவில் தழைச்சத்தைக் கணக்கிட்டு, அதில் பாதிக்குமேல் பிற்பகுதியில் சொட்டுநீர் வழியாகக் கொடுங்கள். ஆனால் பளபளப்புக்காகக் கடைசி வாரத்தில் யூரியாவைக் கூட்டினால் உள்இலைகளின் ஓரம் கருகும். நுனிக்கருகல் என்னும் அந்தக் கோளாறு சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், குறைவதால் வருவது. மண்ணில் சத்து இல்லாமல் போவதைவிட, வேகமாக வளரும் உள்ளிலைக்கு அது போய்ச் சேராததே பெரும்பாலும் காரணம். சுண்ணாம்புச் சத்து இலை வெளியேற்றும் நீராவியின் இழுப்போடு மேலேறுவது; மூடிய தலைக்குள் இருக்கும் இலை நீராவி விடுவதில்லை. அதனால்தான் கால்சியம் கரைசலை மேலே தெளிப்பது ஐஸ்பெர்க் போன்ற மூடிய தலையில் பயன் தருவதில்லை. திறந்த இலை வகையில் ஓரளவு உதவும் என்று சொல்பவர்கள் உண்டு. என் வயலில் தெளித்த பாத்திக்கும் தெளிக்காத பாத்திக்கும் வேறுபாட்டை என்னால் பிரித்தறிய முடிந்ததில்லை. ஒரே சீரான நீரும் அளவான தழைச்சத்துமே நான் நம்பும் மருந்து.

பூச்சி நோய்களில், தக்காளி நிலத்துக்கே உரிய ஒன்றை முதலில் சொல்கிறேன். வேர்முடிச்சு நூற்புழு தக்காளியையும் தாக்கும், லெட்யூஸையும் தாக்கும். பழைய தக்காளிச் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சுகள் தெரிந்தால் அந்தப் பகுதியை விலக்கிவிடுங்கள், அல்லது ஒரு பருவம் செண்டுமல்லி வைத்துவிட்டு வாருங்கள். செண்டுமல்லி, சாமந்தி, லெட்யூஸ் மூன்றும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவையே என்றாலும், செண்டுமல்லியின் வேர் நூற்புழுவை அடக்கக்கூடியது. சாமந்தி அப்படியல்ல, பக்கத்து வயலில் சாமந்தி இருந்தால் இலைப்பேனும் இலையில் கோலம் போடும் சுரங்கப்பூச்சியும் அங்கிருந்து இங்கு வந்து சேரும். அசுவினியும் புரோடீனியா புழுவும் வெட்டுப்புழுவும் நீங்கள் ஏற்கெனவே அறிந்தவை. மழை நின்று பனி இறங்கும் காலத்தில் அடிச்சாம்பல் நோய் வரும். அதற்கு விடியற்காலை ஈரம் இலையில் நெடுநேரம் நிற்பதே காரணம் என்பதால், மாலையில் தெளிப்பு நீர் விடாமல் இருப்பதும் நெருக்கி நடாமல் இருப்பதும் மருந்தைவிட முந்தியவை.

மருந்தில்தான் தக்காளிப் பழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டும். தக்காளியில் தெளித்த மருந்து பழத்தின் மேல்தோலில் விழுகிறது; இங்கே தெளிப்பது முழுவதும் உண்ணும் இலையிலேயே விழுகிறது, அதுவும் வேகவைக்காமல் உண்ணும் இலையில். ஒரு பயிருக்கென மருந்து எச்ச அளவு தனியே நிர்ணயிக்கப்படாவிட்டால், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பே உணவுப் பாதுகாப்பு விதிகளில் பொருந்தும். தக்காளிக்குக் கடைக்காரர் கொடுக்கும் மருந்தை அதே அளவில் இதற்கு அடித்தால் அந்த வரம்புக்குள் நிற்பது அரிது. 40 நாள் பயிரில் மருந்தடித்துக் காத்திருக்க நாளும் இல்லை. நாற்றங்காலில் பூச்சிவலை, வயலில் மஞ்சள், நீல ஒட்டும் அட்டைகள், புழுவுக்கு இளம் பருவத்திலேயே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர் மருந்து, தேவைப்பட்டால் முதல் இரண்டு வாரத்துக்குள் மட்டும் வேம்பு சார்ந்த தெளிப்பு என்பதே என் வழக்கம். பூச்சி அதற்கும் அடங்காத பாத்தியை உழுதுவிட்டிருக்கிறேன்.

அடுத்து நான் சொல்லப்போவது இயற்கை விவசாயம் செய்யும் நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா போன்ற சாணம் கலந்த கரைசல்களை லெட்யூஸ் இலைமீது தெளிக்கக் கூடாது. வேகவைக்கும் கீரைக்கு அவை ஏற்றவையா என்பது வேறு பேச்சு. பச்சையாக உண்ணும் இலையில் சாணத்தின் கிருமிகள் போய்ச் சேரும் வழியை நாமே திறக்கக் கூடாது. 2018-இல் யூமா பகுதியின் ரோமெய்ன் லெட்யூஸ் வழியாகப் பரவிய ஈ. கோலை கிருமியால் அமெரிக்காவில் 210 பேர் நோயுற்றனர், ஐவர் இறந்தனர். அதே கிருமி அங்குள்ள பாசனக் கால்வாய் நீரில் கண்டறியப்பட்டது. அந்தக் கால்வாயை ஒட்டிப் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்று இருந்தது. எல்லா நவீன வசதிகளும் உள்ள இடத்திலேயே இது நடந்தது. அந்நாட்டு இயற்கை வேளாண் விதிகள், மண்ணைத் தொடும் உணவுப் பயிருக்கு அறுவடைக்கு 120 நாளுக்கு முன்பே மட்காத எருவை இட்டு முடித்திருக்க வேண்டும் என்கின்றன. லெட்யூஸ் வயலில் இருப்பதே 45 நாள்தான். ஆகவே பச்சைச் சாணத்தை முந்தைய பயிருக்கே இட்டுவிடுங்கள். இதற்கு நன்கு மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ மட்டும் போதும். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், ஓசூர்ப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒன்று: கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வரும் தென்பெண்ணை நீரைக் கொண்டு பச்சையாக உண்ணும் எதையும் பயிரிடாதீர்கள்.

இனி அறுவடை. தக்காளியைக் காலை பத்து மணிக்குப் பறித்து, மாலையில் வண்டியேற்றி, மறுநாள் ராயக்கோட்டை மண்டியில் இறக்கினாலும் அது தக்காளிதான். லெட்யூஸ் வெட்டிய கணத்திலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் எடையையும் உயிரையும் இழக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரும் 95 விழுக்காட்டுக்கு மேலான ஈரப்பதமும் இருந்தால் ஐஸ்பெர்க் மூன்று வாரம் தாங்கும். 30 டிகிரி வெயிலில் அரை நாளில் துவண்டுவிடும். தளியில் என் இரண்டாவது பருவத்தில் விளைச்சல் மிக நன்றாக இருந்தது. கூலியாட்கள் தாமதமாக வந்ததால் வெட்டத் தொடங்கியதே ஒன்பது மணிக்கு. பதினொன்றரைக்குத் திறந்த டெம்போவில் ஏற்றி, வெயில் படாமலிருக்கத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினேன். கீரையும் மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு வரும், அந்தச் சூட்டைத் தார்ப்பாய் உள்ளேயே அடைத்துவிடும் என்பதெல்லாம் பாடத்தில் படித்தவைதாம். கட்டும்போது நினைவுக்கு வரவில்லை. அத்திப்பள்ளியிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் நின்று நின்று பெங்களூரு போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. பெட்டியின் நடுவில் கைவிட்டுப் பார்த்த கொள்முதல்காரர், 600 கிலோவில் 180 கிலோவை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அவ்வளவுதான் எடுத்திருப்பேன்.

அதிலிருந்து என் வழக்கம் இது. விடியற்காலை நான்கரை மணிக்கு நெற்றிவிளக்கோடு வெட்டத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுவது. வெட்டுவாயில் கசியும் பாலைச் சுத்தமான குடிநீர்த் தரத் தண்ணீரால் உடனே கழுவுவது. விட்டால் அது பழுப்பேறி இலையைக் கறைப்படுத்தும். வெளியிலை இரண்டு மூன்றை விட்டு வைத்து, துளையுள்ள கிரேட்டில் ஒரே அடுக்காக, வெட்டுவாய் மேல்நோக்கி இருக்கும்படி வைப்பது. நிழலில் வைத்தால் மட்டும் போதாது, குளிர வேண்டும். சிறிய குளிர் அறையோ, குறைந்தபட்சம் வாங்குபவரின் குளிர்வண்டி காலை எட்டுக்குள் வயலுக்கே வரும் ஏற்பாடோ இல்லாமல் இப்போது நான் நடுவதே இல்லை. வாழைப்பழம், தக்காளி, பப்பாளியோடு ஒரே வண்டியிலோ அறையிலோ வைப்பதையும் தவிர்க்க வேண்டும். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு லெட்யூஸின் நடுநரம்பில் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகளை உண்டாக்கும். பாலக்கோட்டிலிருந்து பெங்களூருவுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தூரம் பெரிதல்ல, கிளம்பும் நேரம்தான் பெரிது.

இப்போது இரண்டு ஏக்கர் என்ற எண்ணுக்கு வருவோம். சூப்பர் மார்க்கெட் விலைப்பலகையில் நீங்கள் பார்த்தது, கழித்து, கழுவி, உறையிட்டு, குளிரவைத்து, விற்காமல் போனதன் நட்டத்தையும் ஏற்றிய விலை. வயலில் அதில் ஒரு சிறு பகுதிதான் வரும். அதைவிட முக்கியமானது அளவு. ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் வழங்குபவர் ஒரே நாளில் பத்து டன் கேட்பதில்லை. வாரம் இருமுறை சில நூறு கிலோ, ஆண்டு முழுதும் கேட்பார். பத்து சென்ட் நிலத்தில் 3,000 செடிகள் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு கழிந்துபோகும் என்று வைத்து, இலை வகை ஒன்றுக்குச் சீர்செய்த எடை 200 கிராம் என்று கொண்டால் 400 கிலோ வரும். வெட்டுக்கு வந்த செடி சமவெளியில் ஐந்தாறு நாளுக்குமேல் காத்திருக்காது. ஆகவே வாரம் பத்து சென்ட் வீதம் விதைத்தால் வாரம் 400 கிலோ தொடர்ந்து கிடைக்கும். ஒரே வாரத்தில் இரண்டு ஏக்கர் நட்டால் எட்டு டன் ஒன்றாக வந்து நிற்கும், அதை எடுக்க ஆள் இருக்காது. தக்காளிக்கு விலை விழுந்தாலும் ராயக்கோட்டையில் ஏதோ ஒரு விலைக்கு இறக்கிவிட்டு வரலாம். லெட்யூஸை உழவர் சந்தையில் வைத்தால் முட்டைக்கோசு முற்றவில்லையா என்று கேட்டுவிட்டுப் போவார்கள், மிஞ்சியது மாட்டுக்குத்தான்.

எனவே விதை வாங்குவதற்கு முன்பே வாங்குபவரிடம் பேசி எழுத்தில் பெற வேண்டியவை சில. எந்த வகை, வாரம் எத்தனை கிலோ, விலை கிலோவுக்கா தலைக்கா, வெளியிலையோடா கழித்தா, எடை போடுவது வயலிலா அவர் கிடங்கிலா, தள்ளுபடி செய்வதானால் யார் முன்னிலையில், பணம் எத்தனை நாளில். கிடங்கில் எடை போட்டுத் தள்ளுபடியைத் தொலைபேசியில் மட்டும் சொல்லும் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளாதீர்கள். பெங்களூருவைச் சுற்றி மண்ணில்லா முறையில் லெட்யூஸ் வளர்க்கும் கூடங்கள் பெருகியிருக்கின்றன; வேரோடு பொதியும் இலை வகையில் அவர்களோடு அழகில் போட்டியிட முடியாது. அளவும், செலவுக் குறைவும், நாரும் கெட்டியும் உள்ள வயல் இலையை விரும்பும் சமையலறைகளுமே திறந்தவெளிக்காரருக்கு உரிய இடம்.

உறுதியில்லாத சிலவற்றைத் தனியே சொல்லிவிடுகிறேன். பங்குனி, சித்திரையிலும் 50 விழுக்காடு நிழல்வலையின்கீழ் இலை வகை எடுக்கலாம் என்பார்கள். தேன்கனிக்கோட்டையில் நான் எடுத்திருக்கிறேன், கசப்பு இருந்தது, வாங்குபவர் பற்றாக்குறைக் காலம் என்பதால் பொறுத்துக்கொண்டார். பாலக்கோட்டில் அதை நம்பிக் கம்பி நட வேண்டாம் என்பது என் கணிப்பு. வெப்பம் தாங்கும் இரகங்கள் என்று பட்டியலில் போட்டிருப்பவை பூத்தண்டு விடுவதைத் தள்ளிப்போடுகின்றன என்பது உண்மை. கசப்பையும் தள்ளிப்போடுகின்றனவா என்பது இரகத்துக்கு இரகம் மாறுகிறது. அதைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாமல், இருபது செடி நட்டு நீங்களே கடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்த ஆண்டுக்கு நான் சொல்லும் கணக்கு இது. வடகிழக்குப் பருவமழை நாற்றை அழுகவைக்கும் என்பதால், முதல் விதைப்பை நவம்பர் முதல் வாரத்தில் மழைமறைப்பின் கீழ் குழித்தட்டில் தொடங்குங்கள். 25 நாளில் நடவு, ஜனவரி முதல் பத்து நாளுக்குள் முதல் வெட்டு. கடைசி விதைப்பு டிசம்பர் 20-க்குள் முடிய வேண்டும். அது பிப்ரவரி கடைசிக்குள் வெட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பின் விதைப்பது மாசி வெயிலில் தண்டு விடும். வாரம் ஒருமுறை என்றால் ஏழு விதைப்புகள். தலா பத்து சென்ட் என்றாலும் எழுபது சென்ட்தான் ஆகும். முதல் ஆண்டில் அதுகூட வேண்டாம். மூன்று வாரம் மட்டும், வாரம் மூன்றரை சென்ட், மொத்தம் பத்து சென்ட். சுமார் 3,000 செடிக்கு நான்கு கிராம் விதை போதும். மீதி நிலத்தில் உங்கள் தக்காளியே இருக்கட்டும். போர்வெல் நீரின் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும், வாங்குபவர் கேட்கும் வகையையும் அவர் வண்டி வரும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். எந்த இரகம், எந்தத் தேதி என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.